பாறை வீட்டு விளக்கு: ஐடா லூயிஸ் அம்மையாரின் வாழ்க்கை

கலங்கரை விளக்கங்களைப் படமாகத் தீட்டி வீட்டுச் சுவரில் மாட்டிவைக்கும் பழக்கம் மேனாடுகளில் உண்டு. பழைய காலத்து ரயில்வே விளம்பரங்களின் பாணியில், நீலக் கடல், வெள்ளைக் கோபுரம், செம்மஞ்சள் வானம், கீழே ஊரின் பெயர் கொட்டை எழுத்தில் என்று அச்சிட்ட சுவரொட்டிகள் இன்றும் கடைகளில் விலையாகின்றன. பார்க்க அழகுதான். ஆனால் அப்படங்களில் பெரும்பாலும் மனிதர்களே இருப்பதில்லை. விளக்குக்கு எண்ணெய் வார்த்தவர் யார், திரியைக் கத்தரித்தவர் யார், ஊரெல்லாம் உறங்கும் நள்ளிரவில் எழுந்து கண்ணாடியின் கரியைத் துடைத்தவர் யார் என்பதை அவை சொல்வதில்லை. ஐம்பதாண்டுகளுக்கு மேலாக ஒரு துறைமுக விளக்கைக் காத்து, அதனடியில் தத்தளித்தவர்களைத் தம் கையாலேயே கரை சேர்த்த ஐடா லூயிஸ் அம்மையாரின் வரலாற்றை இம்மலரின் வாசகர்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

ஐக்கிய அமெரிக்க நாடுகளுள் பரப்பளவில் மிகச் சிறியது ரோட் ஐலண்ட். அதன் நாரகான்செட் விரிகுடாவில் அமைந்த பழைமையான துறைமுகப் பட்டணம் நியூபோர்ட். அங்கே 1842ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 25ஆம் நாள் ஐடா பிறந்தார். முழுப் பெயர் ஐடவாலி சொராடியா லூயிஸ். தாயின் பெயரே மகளுக்கும் இடப்பட்டது. அத்தனை நீளமான பெயரை ஊரார் ஐடா என்று சுருக்கிக்கொண்டதில் வியப்பில்லை. தந்தை ஹோசியா லூயிஸ் சுங்கத்துறையின் ரோந்துக் கப்பல்களில் பணிபுரிந்து, கரையோர நீர்வழிகளை நன்கறிந்தவர். நான்கு பிள்ளைகளில் ஐடா இரண்டாமவர்.

நியூபோர்ட் துறைமுகத்திற்குள், கரையிலிருந்து சில நூறு அடி தொலைவில், லைம் ராக் என்னும் சுண்ணாம்புக்கல் பாறைத் திட்டு ஒன்று உண்டு. துறைமுகத்துக்குள் வரும் கலங்களுக்கு வழிகாட்ட 1854ஆம் ஆண்டில் அதன்மேல் ஒரு விளக்கு நிறுவப்பட்டது. ஹோசியா லூயிஸ் அதன் காவலரானார். தொடக்கத்தில் பாறைமீது குடியிருக்க வீடு இல்லை. மழைக்கும் புயலுக்கும் ஒதுங்க ஒரு கொட்டகை மட்டுமே இருந்தது. ஊரில் குடியிருந்துகொண்டு, விளக்கேற்றுவதற்காக அவர் படகில் போய்வர வேண்டியிருந்தது. மூன்றாண்டு கழித்து, 1857இல், பாறைமீதே ஒரு மாடி வீடு கட்டி முடித்தார்கள்.

கலங்கரை விளக்கம் என்றதும் நம் மனக்கண்ணில் வானளாவிய ஒரு கோபுரம் எழும். லைம் ராக்கில் அப்படி எதுவும் இல்லை. சாதாரண வீடுதான். வீட்டின் ஒரு மூலையோடு ஒட்டிய சிறு சதுரக் கட்டடத்தின் உச்சியில் விளக்கு இருந்தது. மாடியறைப் பக்கமாகவே அதனிடம் போய்விடலாம். பிரெஞ்சு அறிவியலாளர் ஃபிரெனெல் கண்டுபிடித்த முறைப்படி, விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகப் பட்டை தீட்டிய கண்ணாடி அமைந்திருக்கும். நாலாபுறமும் சிதறும் சுடரை அக்கண்ணாடி மடக்கிக் கடலை நோக்கி ஒருமுகமாக அனுப்பும். அவ்வகைக் கண்ணாடிகளைப் பருமனை வைத்துத் தரம் பிரித்திருந்தார்கள். லைம் ராக்கில் இருந்தது ஆறாம் தரம். அதாவது சிறியது. நெடுந்தூரக் கடலுக்கு அது எட்டாது. துறைமுகத்துக்குள் வருபவனுக்குப் பாறை இங்கே, வழி அங்கே என்று காட்டுவதே அதன் வேலை.

குடும்பம் பாறைக்குக் குடிபெயர்ந்த சில மாதங்களிலேயே இடி விழுந்தது. தந்தையைப் பக்கவாதம் தாக்கி முடமாக்கிவிட்டது. தாயாருக்கோ நோயுற்ற கணவரோடு நோயாளியான ஓர் இளைய மகளையும் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை. விளக்கின் பொறுப்பில் தாயாரும் பங்கு கொண்டாலும், அதன் பெரும்பகுதி பதினைந்து பதினாறு வயதுப் பெண்ணான ஐடாவின் தோளில் வந்து இறங்கியது.

அந்த வேலை என்ன என்பதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். பொழுது சாயும் வேளையில் விளக்குக்கு எண்ணெய் வார்த்து ஏற்ற வேண்டும். நள்ளிரவில் எழுந்து மீண்டும் எண்ணெய் வார்க்க வேண்டும். திரி கருகினால் சுடர் மங்கும். ஆகையால் அதைக் கத்தரித்துச் சீராக வைக்க வேண்டும். புகைக்கரி படிந்தால் ஒளி பாதியாகும். ஆகையால் கண்ணாடியைத் துடைத்துப் பளிச்சென்று வைக்க வேண்டும். விடியும்போது அணைக்க வேண்டும். இது ஒருநாள் வேலை. மறுநாளும் இதுவே. திருநாள், காய்ச்சல், பனி, துக்கம் எதுவும் கணக்கில்லை. விளக்கு ஓர் இரவு எரியாமற்போனால் அந்த ஓர் இரவில்தான் ஒரு படகு பாறையில் மோதும். இதற்கிடையே தம்பி தங்கையரை நாள்தோறும் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோய்ப் பள்ளியில் விட்டு, மாலையில் அழைத்து வருவதும், வீட்டுக்கு வேண்டிய சாமான்களை வாங்கி வருவதும் ஐடாவின் பொறுப்பே. அப்பகுதியின் குளிர்காலக் கடல் எப்படிப்பட்டதென்றால், துறைமுகத்தின் நீரே சில காலம் உறைந்து பனிக்கட்டியாகிவிடும்.

இப்படி நாள்தோறும் தண்டு வலித்ததில் அவருடைய கைகள் உரமேறின. நூறு ராத்தலுக்குச் சற்று மேல் எடையுள்ள மெலிந்த பெண்தான். ஆயினும் படகு ஓட்டுவதிலும் நீந்துவதிலும் நியூபோர்ட்டில் அவருக்கு நிகராகச் சிலரையே சொல்ல முடிந்தது. நீரில் தவிப்பவனைப் படகில் ஏற்றும் நுணுக்கத்தையும் தந்தை கற்றுக்கொடுத்திருந்தார். பக்கவாட்டில் இழுத்தால் படகு கவிழும். பின்புறமாக இழுத்து ஏற்ற வேண்டும். மூழ்குபவனின் பிடி காப்பாற்ற வந்தவரையும் சேர்த்து மூழ்கடிக்கும் என்பது நீரோடு பழகிய யாருக்கும் தெரிந்ததே. பின்னாளில் பத்திரிகைகள் வியந்து எழுதிய வீரத்தின் பாதி, இந்தக் கைப்பழக்கம்தான்.

முதல் மீட்பு 1858இல் நிகழ்ந்தது. உல்லாசமாகப் பாய்மரப் படகேறி வந்த நான்கு இளைஞர்கள் துறைமுகத்தில் கூத்தடித்தார்கள். அவர்களில் ஒருவன் பாய்மரத்தில் ஏறி ஆட்ட, படகு கவிழ்ந்தது. வீட்டிலிருந்து இதைக் கண்ட ஐடா தம் படகை இறக்கித் தண்டு வலித்துப் போய், நால்வரையும் ஒருவர்பின் ஒருவராகப் பின்புறமாக ஏற்றிக் கரை சேர்த்தார். அப்போது அவருக்கு வயது பதினாறு. ஊரில் இது பெரிய பேச்சாகவில்லை. அந்தக் குடும்பமும் அதைத் தம்பட்டம் அடிக்கவில்லை.

துறைமுகத்தின் மறுபுறம் ஆடம்ஸ் கோட்டை இருந்தது. அங்குள்ள படைவீரர்கள் மாலையில் ஊருக்குள் வந்து, பொழுது போக்கிவிட்டு, சில வேளை குடித்துவிட்டு, இருட்டியபின் கோட்டைக்குத் திரும்புவார்கள். ஐடா மீட்டவர்களின் பட்டியலில் கோட்டை வீரர்கள் அடிக்கடி வருவது இதனால்தான். 1866ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அப்படித் திரும்பிய மூன்று வீரர்கள், ஐடாவின் தம்பியுடைய சிறு படகைக் கேளாமல் எடுத்துச் சென்றார்கள். ஒருவனுடைய கால் பட்டுப் பலகை உடைந்து, தண்ணீர் உள்ளே ஏறியது. ஐடா போய்ச் சேர்ந்தபோது ஒருவனை மட்டுமே காண முடிந்தது. அந்தக் கனத்த உடலைத் தனியாக இழுத்து ஏற்றியதில் அவர் உடம்பு நொந்து, தேறுவதற்கு மாதங்கள் ஆயின.

அடுத்த ஆண்டு நடந்தது சற்று வேடிக்கையானது. நியூபோர்ட்டில் பெருஞ்செல்வர்களுக்கு மாளிகைகள் உண்டு. அவர்களுள் ஒருவருடைய விலையுயர்ந்த செம்மறியாட்டை மூன்று பணியாளர்கள் ஓட்டி வந்தார்கள். வடகிழக்குக் காற்று சீறிய நாள் அது. ஆடு மிரண்டு கடலில் குதித்துவிட்டது. ஆட்டைப் பிடிக்கப் படகெடுத்தார்கள். படகு அலையில் நிரம்பி அமிழ்ந்தது. ஐடா சென்று மூவரையும் கரையில் விட்டார். ஆடு இன்னும் அலையில் கத்திக்கொண்டிருந்தது. மீண்டும் படகைத் திருப்பிக்கொண்டு போய் அந்த ஆட்டையும் கொண்டுவந்து சேர்த்தார். ஆட்டுக்காக இன்னொரு முறை அந்தக் கடலுக்குள் போக வேண்டுமா என்று நாம் கேட்கலாம். ஐடாவுக்கு அந்தக் கேள்வி எழுந்ததாகத் தெரியவில்லை.

அவரை நாடறியச் செய்த நாள் 1869ஆம் ஆண்டு மார்ச் மாதம் 29ஆம் நாள். பனியும் காற்றுமாக இருந்த அன்று ஐடாவுக்குக் கடுமையான சளி. அடுப்பருகே குளிர்காய்ந்துகொண்டிருந்தார். துறைமுகத்தில் படகு ஒன்று கவிழ்ந்ததைச் சன்னல் வழியாகத் தாயார் கண்டு கூவினார். ஐடா மேலங்கியும் இல்லாமல், காலணியும் இல்லாமல் ஓடிப் படகை இறக்கினார். தம்பி ஒருவரும் உடன் வந்தார். கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு ஆடம்ஸ் கோட்டை வீரர்கள் இருவர் உயிர் போகும் நிலையில் இருந்தார்கள். அக்காளும் தம்பியுமாக இருவரையும் ஏற்றி, எதிர்க்காற்றில் வலித்து வீடு வந்து சேர்ந்தார்கள். ஒருவருக்கு நினைவு திரும்ப நெடுநேரமாயிற்று. இருவரும் பிழைத்தார்கள்.

அந்தப் படகில் மூன்றாவதாக ஒரு சிறுவனும் இருந்தான். துறைமுகத்தின் வழி தனக்குத் தெரியும் என்று சொல்லி, வீரர்களைக் கோட்டைக்குக் கொண்டுசேர்க்கப் படகேறியவன். ஐடா போய்ச் சேருமுன் அவனைக் கடல் விழுங்கிவிட்டது. அந்நாளைப் பற்றி எழுதியவர்களில் பலர் அவனை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அப்படிக் கடக்க மனம் வரவில்லை. அவனைத் தேடியும் ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

நியூபோர்ட் நியூயார்க் செல்வர்களின் கோடைவாசத்தலம். அங்கே நடப்பது நியூயார்க் பத்திரிகைகளுக்கு எட்டுவது எளிது. செய்தி பரவியதும் நிருபர்களும் ஓவியர்களும் பாறைக்குப் படகேறினார்கள். ஹார்ப்பர்ஸ் வீக்லி என்னும் புகழ்பெற்ற வார இதழ் அவ்வாண்டு ஜூலை 31ஆம் தேதி இதழின் முகப்பில் ஐடாவின் உருவத்தை வெளியிட்டது. மற்றப் பட இதழ்களும் தொடர்ந்தன. அலைகளுக்கு நடுவே துடுப்போடு நிற்கும் நங்கையாக அவர் வீடுதோறும் புகுந்தார். அவருடைய புகைப்படங்கள் சிறு அட்டைகளாக விற்பனையாயின. நடனத்திற்கு வாசிக்கும் இசைக்குக்கூட அவருடைய பெயரைச் சூட்டி அச்சிட்டார்கள். இன்றைய சுவரொட்டிகள் செய்வதை அன்று இப்படங்கள் செய்தன என்று சொல்லலாம்.

பெண் படகு வலிப்பது பெண்மைக்கு அடுக்குமா என்ற வாதமும் கிளம்பியது. பிறர் உயிரைக் காக்கப் பெண் தண்டு பிடிப்பதைக் குறை சொல்பவன் கழுதையாகத்தான் இருக்க வேண்டும் என்ற கருத்தில் பத்திரிகையே பதில் எழுதிவிட்டது. பெண்களுக்கு வாக்குரிமை கோரிப் போராடிய தலைவியர் அவரை எடுத்துக்காட்டாகப் பேசினார்கள். நியூயார்க்கின் உயிர்காப்புச் சங்கம் வெள்ளிப் பதக்கமும் நூறு டாலரும் அளித்தது. கோட்டை வீரர்கள் தங்களுக்குள் வரி போட்டு 218 டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். சம்பளம் எவ்வளவு குறைவோ அவ்வளவு மனம் தாராளம் என்று இதைப் படித்தபோது தோன்றியது.

அவ்வாண்டு ஜூலை 4ஆம் நாள், நாட்டின் சுதந்திர தினத்தன்று, நியூபோர்ட் மக்கள் ஊர்வலம் நடத்தி அவருக்கு ஒரு படகைப் பரிசளித்தார்கள். மகோகனி மரத்தில் செய்து, சிவப்பு வெல்வெட் மெத்தை போட்ட படகு. ரெஸ்க்யூ, அதாவது மீட்பு என்பது அதன் பெயர். படகுக்குக் கொட்டகை கட்டிக் கொடுக்க வேறொரு செல்வர் முன்வந்தார். அந்த ஆண்டிலேயே குடியரசுத் தலைவர் யுலிசிஸ் கிராண்ட் நியூபோர்ட் வந்தபோது ஐடாவைச் சந்தித்துப் பாராட்டினார். ஒரே கோடையில் ஒன்பதாயிரம் பேருக்கு மேல் பாறைக்கு வந்துபோனதாகச் சொல்வார்கள். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தந்தை வருபவர்களை எண்ணிக்கொண்டிருப்பாராம். கடலிலிருந்து கரையேற்றுவதைவிடக் கரையிலிருந்து வருபவர்களைச் சமாளிப்பது ஐடாவுக்குப் பெரும்பாடாயிருந்திருக்கும். விருந்தினர் போனபின், பொழுது சாயும்போது, திரியைக் கத்தரிக்க அவரேதான் மாடிக்குப் போக வேண்டும்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நாடெங்கும் அவருடைய படம் பரவிய அந்த நாளில், அரசாங்கத்தின் ஏட்டில் அவர் பெயர் விளக்குக் காவலராக இல்லை. காவலர் ஹோசியா லூயிஸ்தான். சம்பளமும் அவர் பெயருக்கே. இதில் குடும்பத்தின் குறை ஒன்றுமில்லை. நோயாளித் தந்தையின் வேலை போய்விட்டால் வீடே போய்விடும். ஆனாலும், பதினொன்று பன்னிரண்டு ஆண்டுகளாக இரவுதோறும் எண்ணெய் வார்த்த கைக்கு ஏட்டில் இடமில்லை என்பது உண்மை. பதக்கம் கொடுப்பது எளிது. பதவி கொடுக்க அரசாங்கத்துக்கு இன்னும் பத்தாண்டு பிடித்தது.

1870ஆம் ஆண்டில் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த வில்லியம் வில்சன் என்னும் கடலோடியை ஐடா மணந்தார். இரண்டாண்டு அளவில் இருவரும் பிரிந்தனர். ஐடா பாறைக்கே திரும்பினார். காரணங்களைப் பற்றிப் பலர் பலவாறு எழுதியிருக்கிறார்கள்; நமக்கு அது வேண்டாம். 1870களின் தொடக்கத்தில் தந்தை இறந்தார். அதன்பின் காவலர் பதவி தாயாருக்கு வழங்கப்பட்டது. காவலர் இறந்தால் அவருடைய மனைவிக்கு அப்பதவியை அளிப்பது அந்நாட்டில் வழக்கமாகவே இருந்தது. விளக்கு வேலையை மகளே தொடர்ந்து செய்தார். பின்னர்த் தாயாரும் நோயில் விழ, விளக்கோடு அவரையும் கவனித்தார்.

இறுதியாக 1879இல்தான் ஐடா லூயிஸ் லைம் ராக் விளக்கின் காவலராக முறைப்படி நியமிக்கப்பட்டார். ரோட் ஐலண்ட் மாநிலத்தின் செனட்டராக இருந்த ஜெனரல் ஆம்ப்ரோஸ் பர்ன்சைட் இதற்காகப் பேசி முடித்தார். ஆண்டுச் சம்பளம் 750 டாலர். பல உயிர்களைக் காத்த அருஞ்செயலை முன்னிட்டே அத்தொகை நிர்ணயிக்கப்பட்டது. காவலர்களுக்கு அந்நாளில் அது பெரிய சம்பளம். அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு. வேலையைத் தொடங்கி இருபதாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. நியமனத்தால் அவருடைய இரவுகளில் என்ன மாற்றம் வந்தது என்று கேட்டால், ஒன்றுமில்லை. அதே எண்ணெய், அதே திரி. மாறியது ஏட்டிலிருந்த பெயர்தான். அந்தப் பெயர் மாற்றம் அவருக்கு எவ்வளவு பெரிது என்பதை, பிறர் பெயரில் காலமெல்லாம் உழைத்தவர்களே அறிவார்கள்.

இரண்டாண்டு கழித்து, 1881 பிப்ரவரி 4ஆம் நாள் மாலை, ஆடம்ஸ் கோட்டையைச் சேர்ந்த வீரர்கள் இருவர் உறைந்த துறைமுகத்தின்மீது நடந்து வந்தார்கள். பாறைக்கு அருகே பனித்தளம் நொறுங்கி இருவரும் நீருக்குள் விழுந்தனர். கூக்குரல் கேட்ட ஐடா கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு பனிக்கட்டிமீது ஓடினார். பனித்தளம் எந்த நொடியும் அவருக்கு அடியிலும் உடையக்கூடும். படகும் இல்லை, நீச்சலும் உதவாது. கயிற்றை வீசி ஒருவனை அவரே இழுத்தார். அதற்குள் வந்து சேர்ந்த தம்பியின் துணையோடு மற்றவனையும் இழுத்துக் காப்பாற்றினார். படகு மீட்புகளைவிட இதுவே துணிவில் பெரியது என்பது என் எண்ணம். இதற்காக அரசாங்கம் அவருக்கு உயிர்காப்புத் தங்கப் பதக்கம் வழங்கியது. அப்பதக்கத்தைப் பெற்ற முதல் பெண் அவரே.

அதன்பின் கால் நூற்றாண்டுக் காலம் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. எழுத ஒன்றுமில்லாத அந்த ஆண்டுகளில்தான் விளக்கு ஒன்பதாயிரம் இரவுகள் எரிந்தது. தம்பி ருடால்ஃப் உடனிருந்து உதவினார். படுக்கையிலிருந்தே விளக்கின் ஒளி தெரியுமாறு அவருடைய அறை அமைந்திருந்தது. விளக்கைத் தம் குழந்தையைப் போலவே கருதினார் என்றும், உறக்கத்திலும் அதன் தேவை தமக்குத் தெரிந்துவிடும் என்று சொல்வார் என்றும் கூறுவர். குழந்தையோடு உறங்கிய தாய்மாருக்கு இதில் விளக்கம் தேவையில்லை.

1906ஆம் ஆண்டில், அறுபது வயதைத் தாண்டிய பின்னர், கடைசியாக ஒரு முறை படகை இறக்கினார். அவரைப் பார்க்கவென்று படகில் வந்த தோழி ஒருவர் எழுந்து நின்றபோது நிலைதவறிக் கடலில் விழுந்தார். முதிர்ந்த கைகள் பழைய வேலையை மறக்கவில்லை. தோழியைப் படகில் ஏற்றிக் காப்பாற்றினார். கார்னகி வீரர் நிதியிலிருந்து மாதம் 30 டாலர் வாழ்நாள் உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது.

அவர் காப்பாற்றிய உயிர்கள் பதினெட்டு என்று பொதுவாகக் கணக்கிடுவார்கள். இருபத்தைந்து என்று சொல்பவர்களும் உண்டு. அவர் தாமே குறிப்பு எதுவும் எழுதி வைக்கவில்லை.

1910இல் அமெரிக்கக் கலங்கரை விளக்கங்களின் நிர்வாகம் மாற்றியமைக்கப்பட்டது. லைம் ராக் விளக்கு இனித் தேவையில்லை என்று எடுத்துவிடப் போகிறார்களாம் என்ற பேச்சு ஐடாவின் காதுக்கு எட்டியது. தங்கப் பதக்கம் பெற்றவரை யாரும் மறக்கமாட்டார்கள். ஆனால் விளக்கு அணைந்தபின் பதக்கத்தை வைத்து அவர் என்ன செய்வார்? அந்தக் கவலைதான் அவரைச் சாய்த்தது என்று தம்பி நம்பினார். 1911 அக்டோபரில் அவரைப் பக்கவாதம் தாக்கியது. தந்தையை முடக்கிய அதே நோய். அக்டோபர் 24ஆம் நாள், அந்த வீட்டிலேயே, தம் அறுபத்தொன்பதாம் வயதில் உயிர் நீத்தார். அன்றிரவு நியூபோர்ட் துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த கப்பல்களின் மணிகள் அவருக்காக ஒலித்தன. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறுதி மரியாதை செலுத்தினர். ஊரின் பொதுக் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் அஞ்சியபடி விளக்கு உடனே அணைந்துவிடவில்லை. புதிய காவலர் ஒருவர் மனைவியோடு வந்தார். பாறை வீட்டில் அவர்களுக்குப் பிறந்த பெண் குழந்தைக்கு ஐடா லூயிஸ் என்றே பெயரிட்டார்கள். 1924இல் ரோட் ஐலண்ட் சட்டமன்றம் லைம் ராக் என்ற பெயரை மாற்றி ஐடா லூயிஸ் பாறை என்று வைத்தது. விளக்குக்கும் அதே பெயர் வழங்கலாயிற்று. 1927இல் ஆளின்றித் தானே இயங்கும் விளக்கு ஒன்று அருகே அமைக்கப்பட்டதும் பழைய விளக்குக்கு ஓய்வு கிடைத்தது. காவலர் என்று ஒருவர் அங்கே தேவைப்படாத காலம் வந்துவிட்டது.

பிற்காலத்தவரும் அவரை மறக்கவில்லை. அமெரிக்கக் கடலோரக் காவல்படை, கடலில் மிதவைகளைப் பராமரிக்கும் ஒரு வகைக் கப்பல்களுக்கு விளக்குக் காவலர்களின் பெயர்களை வைத்தபோது, 1990களில் அவ்வகையின் முதற் கப்பலுக்கு ஐடா லூயிஸ் என்று பெயரிட்டது. 2018இல், போர்வீரர்கள் துயிலும் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் ஒரு சாலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அங்கே ஒரு பெண்ணின் பெயரால் அமைந்த முதல் சாலை அதுவே. படைவீரர் எத்தனையோ பேரை நீரிலிருந்து இழுத்த கைக்கு, படைவீரர் நடுவே ஒரு சாலை பொருத்தமாகத்தான் அமைந்தது.

பாறை வீடு 1928 முதல் ஒரு பாய்மரப் படகுச் சங்கத்தின் இல்லமாயிற்று. சங்கத்தின் பெயரும் ஐடா லூயிஸ்தான். கரையிலிருந்து மரப்பாலம் ஒன்றின் வழியாக அதற்கு நடந்தே போகலாம். ஐடா நாள்தோறும் தண்டு வலித்துக் கடந்த தூரம் அது. சங்கத்தின் கொடியில் ஒரு கலங்கரை விளக்கத்தையும், காப்பாற்றிய உயிர்களின் கணக்காகப் பதினெட்டு விண்மீன்களையும் பொறித்திருக்கிறார்கள்.